ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம்

ராத்திரி பதினொன்னரை மணி. வெள்ளிக்கிழமை. பள்ளத்தாக்குக்கு இறங்கற சரளை ரோடு இருக்குல்ல, அதுல ஒரே ஒரு வண்டி. பெரிய மழை இல்ல, சாரல்தான். வைப்பர் கீச்சு கீச்சுன்னு தேய்க்குது. கடைசிப் பால்பண்ணையோட விளக்கு பின்னாடி மறைஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. வண்டியில ரஸ்ஸல் மட்டும். நம்ம ட்ரூடியோட தாய்மாமா.

பிரெண்டன், அந்த ஹெல்மெட் லைட்டை அணை. மூஞ்சியில அடிக்காதே. நெருப்பு வெளிச்சம் போதும். எல்லாரும் தார்ப்பாய்க்குள்ள தள்ளி உட்காருங்க, அந்தப் பொண்ணுக்கு முதுகு நனையுது பாரு.

இதை நான் பொழுது போகாம சொல்லல. சாயங்காலம் நீங்க பழைய மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு, அதுல 'லாக்கியோட முட்டாள்தனம்'னு ஒரு பேரைப் படிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. நாளைக்குக் காலையில அந்தக் குகைக்குத்தான் போகப்போறீங்க. அதான் சொல்றேன். பாதியில யாரும் எழுந்து போகக்கூடாது. அவசரம்னா அடக்கிக்க.

ரஸ்ஸல் வந்தது குகை இறங்கறவங்க வருஷா வருஷம் கூடற இதே கூட்டத்துக்குத்தான். இதே புல்வெளி, ஆட்டுக் கம்பளி வெட்டற இதே கொட்டகை. அந்த வருஷம் அவனுக்கு வேலை முடிய லேட்டு. தனியா ஓட்டிக்கிட்டு வர்றான்.

வளைவு தாண்டினதும் ஹெட்லைட்ல ஒரு ஆள் தெரியறான். ரோட்டோரமா நடந்து போறான். முதுகுதான் தெரியுது. ஓவரால், இடுப்பு வரைக்கும் மஞ்சச் சேறு, தலையில ஹெல்மெட். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கறான்.

நம்ம ஆளு ஒருத்தன் சேத்தோட ரோட்டுல நடந்து போனா நாம என்ன பண்ணுவோம்? நிறுத்துவோம். சீட்டு நாறிப் போயிடுமேன்னு யாராவது யோசிச்சிருக்கோமா? ரஸ்ஸலும் பிரேக்ல காலை வெச்சான். அந்த ஆள் திரும்பிப் பார்க்கல. பார்க்காமலே கையை நீட்டினான். அப்பதான் ஹெல்மெட்டோட பின்பக்கம் வெளிச்சத்துல வந்துச்சு... வெள்ளை ஹெல்மெட். குறுக்கால சிவப்பு டேப்.

ரஸ்ஸல் பிரேக்லேர்ந்து காலை எடுத்தான். ஆக்சிலரேட்டரை மிதிச்சான்.

ஏன்னா அந்த டேப்பை ஒட்டினதே அவன்தான். லாக்கியோட ஹெல்மெட்ல விரிசல் விட்டப்போ ஒட்டிக் குடுத்தது. அப்பவே லாக்கி செத்து ஒன்பது வருஷம். அந்த ஹெல்மெட்டையும் அவன் கூடவே வெச்சுத்தான் புதைச்சாங்க.

கண்ணாடியில பின்னாடி பார்த்தான். ரோடு காலி. சரி, கண்ணு ஏமாத்திடுச்சுன்னு நினைச்சுக்கிட்டான். கொஞ்ச நேரத்துல வண்டிக்குள்ள ஒரு வாசனை. மழை வாசனை இல்ல, மாட்டுச் சாணி இல்ல. வெயிலே படாத மண்ணுக்குன்னு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியும். அது. ஹீட்டரைப் போட்டான். அவன் பக்கத்துக் கண்ணாடி தெளிஞ்சுடுச்சு. அடுத்த சீட்டுப் பக்கம் மட்டும் தெளியல. ஆவி படியுது, மறையுது... படியுது, மறையுது... யாரோ உட்கார்ந்து மூச்சு விடற மாதிரி.

முகாமுக்கு வந்ததும் வண்டிக் கதவை மூடக்கூட இல்ல. நேரா ட்ரூடி கூடாரத்துக்குப் போய் அவளை எழுப்பினான். 'கண்ணு, கொஞ்ச நேரம் உன் பக்கத்துல உட்கார்ந்துக்கட்டுமா'ன்னு கேட்டானாம். அவளைத் தூக்கி வளர்த்த மாமா. அவளுக்குக் குகையைக் காட்டினதே அவன்தான். அப்படிப் பயந்து அவ அவனைப் பார்த்ததே இல்ல.

இப்ப லாக்கி கதை. அதுல ஊருக்குத் தெரிஞ்சது ஒண்ணு, உண்மை ஒண்ணு. முதல்ல ஊருக்குத் தெரிஞ்சது.

லாக்கியும் ரஸ்ஸலும் சேர்ந்து அந்த மலைச்சரிவுல மாசக்கணக்கா தோண்டி ஒரு குகை கண்டுபிடிச்சாங்க. உள்ள ஒரு இடுக்கு. அதுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து காத்து வருது. காத்து வந்தா பெரிய இடம் இருக்குன்னு அர்த்தம். ஒரு நாள் ரெண்டு பேரும் போனாங்க, ஒண்ணும் நடக்கல, திரும்பி வந்துட்டாங்க. அப்புறம் விடியறதுக்கு முன்னாடி லாக்கிக்குப் பொறுக்க முடியாம, யார்கிட்டயும் சொல்லாம, தனியா திரும்ப உள்ள போனான். இடுக்குல மாட்டிக்கிட்டான். மழை பெஞ்சு தண்ணி ஏறிடுச்சு. அவ்வளவுதான். இதைச் சொன்னது ரஸ்ஸல். அந்த இடத்துக்கு அந்தப் பேரை வெச்சதும் ரஸ்ஸல்.

பேரோட விட்டானா? வருஷா வருஷம் இங்க சனிக்கிழமை காலையில புதுசா வந்தவங்களை உட்கார வெச்சு, 'தனியா போகாதீங்க, லாக்கி மாதிரி புத்தி கெட்டுப் போகாதீங்க'ன்னு பேசுவான். யாரு முன்னாடி? லாக்கியோட அக்கா மார்னி முன்னாடி.

மார்னி யாருன்னு உங்களுக்குத் தெரியும். கொட்டகையில போன் பக்கத்துல உட்கார்ந்து கம்பளித் தொப்பி பின்னிக்கிட்டு இருக்காளே, அவதான். நம்ம வெளிக்காவல். நாம உள்ள போறப்ப அவகிட்ட நேரம் சொல்லிட்டு, நம்ம பேர் போட்ட பித்தளை வில்லையை அந்தப் பலகையில மாட்டிட்டுப் போறோம். சொன்ன நேரத்துக்கு வரலன்னா ஆள் அனுப்புவா. தம்பி போனதுக்கு அப்புறம் அவ ஒரு குகைக்குள்ளயும் காலை வைக்கல. ஆனா ஒரு வருஷம்கூட வராம இருந்ததில்ல. ரஸ்ஸல் பேசறப்பல்லாம் தலையைக் குனிஞ்சு பின்னிக்கிட்டே இருப்பா. ஊசி சத்தம் மட்டும் கேக்கும். எனக்கு அந்த ஆளை அங்கேயே ரெண்டு அறை விடணும்னு கை துறுதுறுங்கும். ஆனா எல்லாரையும் போல நானும் நம்பினேன். லாக்கி அவசரப்பட்டுட்டான்னு.

அந்தச் சனிக்கிழமை ரஸ்ஸல் பேசல. தலைவலின்னு சொல்லிட்டான். மத்தியானம் வரைக்கும் வண்டிக்குள்ளயே கிடந்தான், நாலு கதவையும் திறந்து வெச்சுக்கிட்டு. மூடினா நாத்தம் அடிக்குதாம்.

சாயங்காலம் நெருக்குப் பெட்டி. இன்னிக்கு விளையாடினீங்களே அதேதான். ரெண்டு பலகை, நாலு மூலையிலயும் திருகு. நடுவுல புகுந்து அந்தப் பக்கம் வரணும். வந்தா திருகை இறக்கி இன்னும் நெருக்குவோம். பீரைக் குடிச்சுட்டு வெக்கமில்லாம ஜட்டியோட ஊர்வீங்க, நான் என் கண்ணால பார்த்தேன்.

ரஸ்ஸல் அதுல ராஜா. லாக்கிக்கு அப்புறம் மட்டும் அவன் பெட்டிக்குள்ள போனதே இல்ல. அன்னிக்கு ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க.

"என்ன ரஸ், வயசாயிடுச்சா?"

"தொப்பை தடுக்குதுப்பா அவனுக்கு."

"விடுங்கடா, மாமாவுக்குப் பால் ஆத்திக் குடுத்துத் தூங்க வைங்க."

அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு. ஜாக்கெட்டைக் கழட்டி வீசினான். 'உங்களை மாதிரி சின்னப் பசங்க போற உயரத்துலயே வைங்கடா, கண்ணை மூடிக்கிட்டுப் போறேன்'னான். நிஜமாவே லேசான உயரம். ஒரு ஆடு போயிடும். நான் பக்கத்துல அடுப்புல சாசேஜ் திருப்பிக்கிட்டு இருந்தேன், நல்லாத் தெரிஞ்சுது.

தலை உள்ள போச்சு, தோள் போச்சு. வலது கையை முன்னாடி நீட்டிக்கிட்டு ஊர்றான். எல்லாரும் கை தட்டறாங்க. பாதி தூரத்துல நின்னுட்டான். நடிக்கறான்னு நினைச்சோம். கால் மட்டும் வெளிய தெரியுது. பூட்ஸ் நுனி தரையை உதைக்குது... உதைக்குது... அப்புறம் உதைக்கல.

பெட்டிக்குள்ளேர்ந்து அவன் குரல். மெதுவா. யாருக்கோ பதில் சொல்ற மாதிரி.

"நான் வர்றேன்னுதான்டா சொன்னேன்... தூங்கிட்டேன்டா... வண்டியில ஹீட்டர் போட்டேன், தூங்கிட்டேன்டா..."

திருகை அவுத்து மேல் பலகையைத் தூக்கறதுக்குள்ள அவன் உதடு நீலமாயிடுச்சு. தூக்கினதும் ஒரு மூச்சு இழுத்தான் பாரு, இன்னும் என் காதுல இருக்கு. அவன் வலது மணிக்கட்டைச் சுத்தி ஈரச் சேறு. அஞ்சு விரல் பதிஞ்சிருக்கு. மஞ்சச் சேறு. இந்தப் புல்வெளியில எங்கேயாவது மஞ்ச மண்ணைக் காட்டுங்க பார்க்கலாம். பூரா கருப்பு மண்.

சாசேஜ் கருகிப் போச்சு, நான் கவனிக்கல. மார்னி எப்ப கொட்டகையிலேர்ந்து வந்தாளோ தெரியல. ஊசியும் கம்பளியும் கையிலேயே இருக்கு. அவன் பக்கத்துல வந்து நின்னா.

"எப்ப தூங்கின, ரஸ்?"

"என்னது?"

"வண்டியில தூங்கிட்டேன்னு சொன்னியே. எப்ப?"

"மயக்கத்துல ஏதோ உளறியிருப்பேன், மார்னி. விடு."

"உனக்காக யாரு உள்ள காத்துக்கிட்டு இருந்தா, நீ வண்டியில தூங்கறப்போ?"

அவன் எழுந்து கொட்டகைப் பக்கம் நடந்தான். தண்ணி குடிக்கப் போனான். அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகணும். பலகை முன்னாடி அப்படியே நின்னான். எல்லாரும் வெளிய வந்தாச்சு, ஒரு வில்லையும் மாட்டியிருக்கக்கூடாது. ஒண்ணு தொங்குது. பச்சை ஏறிப்போன பித்தளை. 'லாக்கி'.

"நீதானே இதெல்லாம் பண்றே?" அவன் திரும்பி மார்னியைப் பார்த்துக் கத்தினான். "ரோட்டுல ஆளை நிறுத்தினது, பெட்டியில கையை விட்டது, இது. எல்லாம் நீதானே?"

மார்னி பக்கத்துல வந்து அந்த வில்லையைப் பார்த்தா. தொடல.

"இதை என் கையால அவன் கழுத்துல போட்டு அனுப்பினேன், ரஸ். சவப்பெட்டியை மூடறப்போ நீயும் பக்கத்துலதான் நின்னே."

அதுக்கப்புறம்தான் அவன் ட்ரூடியை வண்டி பின்னாடி கூட்டிக்கிட்டுப் போய் எல்லாத்தையும் சொன்னான். அவ எங்கிட்டச் சொன்னது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு. அவ சொன்னதை அப்படியே சொல்றேன்.

அந்த நாள் லாக்கி திரும்ப உள்ள போகவே இல்ல. ஏன்னா அவன் வெளியவே வரல. இடுக்குக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டான். பெரிய மண்டபமாம், நம்ம கொட்டகை மாதிரி பத்து உள்ள போகுமாம். திரும்பி வர்றப்போ மாட்டிக்கிட்டான். ரஸ்ஸல் இந்தப் பக்கம். அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு 'மூச்சை விடு, முழுசா விடு, நான் இழுக்கறேன்'னான். நாம எல்லாரும் சொல்றதுதான் அது. லாக்கி மூச்சை விட்டான். இவன் இழுத்தான். கொஞ்சம் வந்தான்... இன்னும் மோசமா இறுகிடுச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல.

லாக்கி அழல. 'போய் மார்னிகிட்டச் சொல்லு, ஆள் அனுப்பச் சொல்லு'ன்னான். ரஸ்ஸல் 'சொல்லிடறேன்டா'ன்னான்.

வெளிய வந்தான். ராத்திரி. கடைத்தெரு முனையில அப்ப ஒரு போன் பெட்டி இருந்துச்சு, காசு போட்டுப் பேசறது. காசைப் போட்டு, நம்பரைச் சுத்தினான். அப்பவும் வெளிக்காவல் மார்னிதான், டவுன்ல வீட்டுல உட்கார்ந்து முழிச்சுக்கிட்டு இருக்கா. அவ ஹலோன்னதும் இவனுக்கு ஒரு யோசனை. ஆளை அனுப்பச் சொன்னா மீட்புக்குன்னு ஊர்ல இருக்கற அத்தனை பேரும் வருவாங்க. அதே மலையில இன்னொரு கோஷ்டியும் மாசக்கணக்கா தேடிக்கிட்டு இருக்கு. எல்லாரும் அந்த மண்டபத்தைப் பார்த்துடுவாங்க. கண்டுபிடிச்சது போயிடும், பேர் வைக்கறது போயிடும். உளியும் சுத்தியலும் வண்டியில இருக்கு. நாமளே போய்ப் பாறையைச் செதுக்கி அவனை எடுத்துடலாம், ரெண்டு மணி நேர வேலை...

அதனால அவன் போன்ல சொன்னான். "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம். ஆள் அனுப்பாதே. நீ தூங்கு."

மார்னி தூங்கினா.

அப்புறம் உளியை எடுக்க வண்டிக்குப் போனான். உடம்பு நடுங்குது, குகைத் தண்ணி அப்படிக் குளிர். அஞ்சு நிமிஷம் சூடு காஞ்சுட்டுப் போகலாம்னு ஹீட்டரைப் போட்டான்.

கண்ணு முழிச்சப்போ விடிஞ்சிருக்கு. வண்டிக் கூரை மேல மழை கொட்டுது. குகை வாசல்ல ஓடை உள்ள பாஞ்சுக்கிட்டு இருக்கு. உள்ள போக வழியே இல்ல.

ட்ரூடி கேட்டுட்டு அவனை அடிச்சாளாம். நெஞ்சுல ரெண்டு கையாலயும். அவன் தடுக்கல.

"மார்னிகிட்டச் சொல்லு மாமா. இப்பவே வா. நானும் கூட வர்றேன்."

"ஒன்பது வருஷம் ஆச்சு, கண்ணு. இப்ப சொன்னா நான் யாரு? அத்தனை பேர் முன்னாடி நான் யாரு?"

"அவ தம்பியை அத்தனை பேரும் முட்டாள்னுதானே சொல்லிக்கிட்டு இருக்காங்க? அவளுக்கு எப்படி இருக்கும்?"

'நான் அந்த இடுக்குக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்'னான். 'அங்க யாரும் இல்லன்னு என் கண்ணால பார்த்தா இதெல்லாம் நிக்கும். வந்து அவகிட்டச் சொல்லிடறேன். சத்தியமா.' ட்ரூடி அதை நம்பினா. இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு ஆறாத விஷயம் அதுதான்.

இருட்டற நேரத்துக்கு ஓவராலை மாட்டிக்கிட்டுக் கொட்டகைக்கு வந்தான். நாங்க எல்லாரும் வாசல்ல நிக்கறோம்.

"மார்னி, நான் அந்தக் குகைக்குப் போறேன். இடுக்கு வரைக்கும். பத்து மணிக்குள்ள வரலன்னா ஆள் அனுப்பு."

"யாரு கூட?"

"தனியா."

"தனியா போறவனுக்கு என்ன பேருன்னு நீதானே வருஷா வருஷம் சொல்லுவே."

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அவன் முகம் சிவந்துடுச்சு. ரெண்டு மூணு பேர் நாங்க கூட வர்றோம்னாங்க, வேண்டாம்னுட்டான். வில்லையைக் கழுத்துலேர்ந்து கழட்டி மாட்டினான். லாக்கியோடது பக்கத்துலயே தொங்குது. அந்தப் பக்கம் அவன் பார்வையே போகல.

"பத்து மணி, மார்னி."

"பத்து மணி," அவ சொன்னா. "நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்."

...என்னது அது? பயப்படாதே, டெவில்னு இங்க ஒரு காட்டு மிருகம் உண்டே, அதுதான். ரோட்டுல எங்கேயோ வாலபி, அந்தக் குட்டைக் கங்காரு, அடிபட்டுக் கிடக்கும், பங்குக்குச் சண்டை போடுதுங்க. குழந்தை அலறற மாதிரிதான் கத்தும். விறகு ரெண்டு போடு. ஈர விறகு வேண்டாம், அந்தப் பக்கம் காஞ்சது இருக்கு.

நாங்க நெருப்பைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். இப்ப நாம உட்கார்ந்திருக்கற மாதிரியே. இங்கேர்ந்து கொட்டகை ஜன்னல் நல்லாத் தெரியும். மார்னி பலகை பக்கத்துல உட்கார்ந்திருக்கா. எல்லாருக்கும் காது ரோட்டு மேல, வண்டி சத்தம் வருதான்னு.

ஒன்பதரை இருக்கும். போன் அடிச்சுது.

கிட்டத்தட்ட முப்பது பேர் கேட்டோம், ஞாபகம் வெச்சுக்கங்க. பழைய போன், கணகணன்னு அடிக்கும். மார்னி எடுத்தா. காதுல வெச்சுக்கிட்டு நின்னா... ரொம்ப நேரம் நின்னா. பேசற மாதிரி தெரியல. ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் வாய் அசைஞ்சுது, ஒரே ஒரு தடவை. போனை வெச்சா. பலகைக்குக் கையை நீட்டினா. ஒரு வில்லையை எடுத்தா. திரும்ப இன்னொரு தடவை எடுத்தா.

வெளிய வந்து, "வெளிய வந்தாச்சு. எல்லாரும் போய்த் தூங்குங்க"ன்னா.

"வில்லையை அவன்தானே வந்து எடுக்கணும்?" நான்தான் கேட்டேன். லாக்கிக்கு அப்புறம் வந்த விதி அது. போன்ல சொன்னா செல்லாது. அவனவன் வில்லையை அவனவன் கையால எடுக்கணும்.

"பாவம், நனைஞ்சு போயிருப்பான். வந்து படுக்கட்டும்"னா. அவ குரல் அவ்வளவு இதமா இருந்துச்சு. அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. ட்ரூடி அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா, மாமா பத்திரமா வந்துட்டான்னு. மார்னி அவ தலையைத் தடவிக் குடுத்தா.

காலையில ரஸ்ஸல் கூடாரம் காலி. வண்டி குகைக்குக் கீழ நிக்குது. முதல்ல உள்ள போனதுல நானும் ஒருத்தன்.

ஒரு சொட்டுத் தண்ணி இல்ல உள்ள. சாரல் மழை, ஓடைகூட ஏறல. அவன் அந்த இடுக்குல இருந்தான். லாக்கி மாட்டின அதே இடம். ஆனா லாக்கி வெளிய வர்ற மாதிரி இருந்தான், இவன் தலை உள்பக்கம். வலது கை முன்னாடி நீண்டு கிடக்கு, தோள் மூட்டு கழண்டு போற அளவுக்கு. மணிக்கட்டுல மஞ்சச் சேறு. அவனைச் சுத்திப் பாறைதான், சேறே கிடையாது அங்க. எடுக்கறதுக்கு எங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆச்சு.

டாக்டர் சொன்னார், விடியற நேரத்துக்குத்தான் உயிர் போயிருக்குன்னு. அதாவது ஒன்பதரைக்கு உயிரோட இருந்திருக்கான். பத்து மணிக்கு உயிரோட இருந்திருக்கான். இப்ப வந்துடுவாங்க, இப்ப வந்துடுவாங்கன்னு ராத்திரி பூரா காது குடுத்துக்கிட்டுக் கிடந்திருக்கான். நாங்க இங்க தூங்கிக்கிட்டு இருந்தோம்.

போலீஸ் மார்னியைக் கேட்டாங்க. போன் வந்துச்சு, அதனால ஆள் அனுப்பலன்னு சொன்னா. அவங்க விசாரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி அந்த போனுக்கு எங்கேர்ந்தும் அழைப்பு வரலயாம். எங்கேர்ந்து வரும்? இந்தப் பள்ளத்தாக்குல செல்போன் எடுக்காது. கடைத்தெரு முனையில இருந்த போன் பெட்டியைப் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, வெறும் சிமெண்டுத் தரைதான் இருக்கு. ஆனா மணி அடிச்சதை முப்பது பேர் கேட்டிருக்கோமே. என்ன எழுதிக்கறதுன்னு தெரியாம போயிட்டாங்க.

மாமாவைப் புதைச்சதுக்கு அப்புறம் ட்ரூடி மார்னியைத் தேடிப் போனா. மாமா சொன்னது எல்லாத்தையும் சொன்னா. லாக்கி தனியா போகல, முட்டாள் இல்ல, உன்கிட்டச் சொல்லச் சொல்லித்தான் காத்துக்கிட்டு இருந்தான்னு.

"தெரியும்," மார்னி சொன்னா.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கு போனை எடுத்ததுலேர்ந்து."

எடுத்ததும் முதல்ல காசு விழற சத்தம் கேட்டுதாம். டொக், டொக்னு. ஒன்பது வருஷம் முன்னாடி ரஸ்ஸல் பேசினப்போ கேட்ட அதே சத்தம். அப்புறம் ஒரு குரல். ரஸ்ஸல் இல்ல.

"அக்கா. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம். ஆள் அனுப்பாதே. நீ தூங்கு."

"மாமா ஒருத்தர்தானே உள்ள போனார்? ரெண்டு பேருன்னு சொன்னா பொய்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன," மார்னி சொன்னா. "ஆனா அக்கான்னு கூப்பிட்டான், ட்ரூடி. ஒன்பது வருஷத்துல என்கிட்ட அவன் கேட்டது அது ஒண்ணுதான். சரிடான்னு சொன்னேன்."

பின்னிக்கிட்டு இருந்த தொப்பியை மடியில வெச்சுட்டு, அவளே சொன்னாளாம்.

"அவனுக்குப் பின்னாடி, ரொம்ப தூரத்துல, உள்ளேர்ந்து இன்னொருத்தன் கத்திக்கிட்டே இருந்தான். மார்னி, மார்னின்னு. நல்லாவே கேட்டுது. காசு தீர்ற வரைக்கும் கேட்டுது."

...அவ்வளவுதான் கதை. எழுந்திருங்க, விடிஞ்சா போகணும். கொட்டகையில விளக்கு எரியுது பாரு, அவ இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கா. நாளைக்கு உங்களுக்கும் வெளிக்காவல் அவதான். போய் நேரத்தைச் சொல்லிட்டு வாங்க. மரியாதையா பேசுங்க.